மூன்றாவது பள்ளம்

எங்கள் ஆய்வகத்தில் வேற்றுக் கிரகங்களைத் தேடுவதற்கென்று முப்பத்தொரு பேர் சம்பளம் வாங்கினோம். அதில் முப்பது பேர் தேடுகிற மாதிரி இருப்போம். தேடியவர் ஒருவர்தான். அவருக்குப் பட்டம் கிடையாது, கதவில் பெயர்ப்பலகை கிடையாது, மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை மட்டும் இருந்தது. அதற்கும் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் தட்டச்சு வேலைக்கு வந்தவர். எல்லோரும் அவரை ‘இல்லை அக்கா’ என்பார்கள். முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் முழுசாக.

அவர் செய்த வேலையைச் சொன்னால் அந்தப் பெயரின் காரணம் தெரிந்துவிடும். தொலைநோக்கி இரவு முழுக்க ஒரு நட்சத்திரத்தையும் அதன் அக்கம்பக்கத்து ஆயிரம் நட்சத்திரங்களையும் முறைத்துக்கொண்டிருக்கும். அதில் ஒன்றின் குறுக்கே ஒரு கிரகம் போனால் வெளிச்சம் துளி குறையும். காலையில் கணினி போட்டுத் தரும் கோட்டில் அது ஒரு சின்னப் பள்ளமாகத் தெரியும். ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்கிற கிரகக் கண்டுபிடிப்பு என்பது இவ்வளவுதான், கோட்டில் பள்ளம் பார்ப்பது. ஆனால் மேகம் போனாலும் பள்ளம் விழும். கேமரா சூடானாலும் விழும். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தாலும் விழும். கணினி எல்லாவற்றையும் அள்ளி வந்து அக்காவின் திரையில் கொட்டிவிடும். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு பள்ளம் பார்ப்பார். மாலை ஐந்து மணிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போது பெரும்பாலும் நானூறும் ‘இல்லை’யாகத்தான் இருக்கும்.

நான் அதே கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் அறிக்கை எழுதுகிறவன். பத்திரிகைகளுக்குச் செய்தி, இயக்குநருக்கு உரை, சுவரில் ஒட்டுவதற்கு அறிவிப்பு, எல்லாம் என் கைவண்ணம். ‘உயிர் இருக்கலாம்’ என்ற இரண்டு சொற்களை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்குத்தான் எங்கள் வாசலில் சிலை வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எங்கள் ஆய்வகத்தை என்றோ இழுத்து மூடியிருப்பார்கள்.

அக்காவின் வீடு தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கடை அவர் கணவருடையது. படியேறும்போதே எண்ணெய் நெடி வரும். வீட்டுக்குள் மேஜை, கட்டில், கழற்றிப்போட்ட மெஷின் தலைகள் மூன்று. நான் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் என்னிடம் சொன்னார்: “ஊசில நூல் கோக்கணும்னா என்னைக் கூப்பிடுவா தம்பி. கோடி கோடி மைலுக்கு அந்தப் பக்கம் என்ன போகுதுன்னு மட்டும் இவளுக்குத் தெரியுமாம்.” அக்காவின் நாத்தனார் அவருக்கு மேல். “இத்தனை வருஷமா பார்த்தீங்களே அண்ணி, ஒரு கிரகத்துலகூடவா ஆள் இல்லை?” என்று, ஏதோ அக்காதான் ஆட்களை விரட்டிவிட்டவர் மாதிரி கேட்டார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. “தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு என்னிடம் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

ஆனால் அக்காவிடம் ஒரு கிரகம் இருந்தது. இது எனக்கு மட்டும் தெரியும்.

இதெல்லாம் நடப்பதற்கு எட்டு வருடம் பத்து மாதம் முன்பு, ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தின் கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது. நாலு வருடம் ஐந்து மாதம் கழித்து அதே ஆழத்தில், அதே ஆறு மணி நேர அகலத்தில் இன்னொன்று விழுந்தது. எங்கள் தொழிலில் மூன்று என்பது கண்டிப்பான விதி. ஒரு பள்ளம் தற்செயல். இரண்டாவது விழுந்தால் இடைவெளி கிடைக்கும். அதே இடைவெளியில் மூன்றாவதும் விழுந்தால்தான் கிரகம் என்று ஏட்டில் ஏறும். அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்றாவது பள்ளம் அந்த வருடம் ஒரு வியாழக்கிழமை இரவு பதினோரு மணிக்கு ஆரம்பித்துக் காலை ஐந்துக்கு முடிய வேண்டும். அந்த ஆறு மணி நேரம் தொலைநோக்கி அந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். தவறினால் அடுத்தது நாலு வருடம் ஐந்து மாதம் கழித்து. அக்கா ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம்தான் இருந்தது. அக்கா போனபின் அந்த நட்சத்திரத்தைத் திரும்பிப் பார்க்க எங்கள் ஆட்களில் ஒருவனுக்கும் அக்கறை கிடையாது.

“அங்கே உயிர் இருக்குமாக்கா?” என்று நானே அசட்டுத்தனமாக ஒரு தரம் கேட்டிருக்கிறேன். பழக்க தோஷம்.

“அவ்வளவு தள்ளிச் சுத்துதுன்னா ஐஸா உறைஞ்சு கிடக்கும்பா. ஒரு புழுகூட இருக்காது” என்றார். “இருக்குன்னு தெரிஞ்சா போதும் எனக்கு.”

அப்படிப்பட்ட கிரகத்தை எங்கள் இயக்குநர் சீண்டுவாரா? அவருக்கு வேண்டியது ஆள் இருக்கிற கிரகம், குறைந்தபட்சம் பேட்டி கொடுக்கிற அளவுக்காவது தண்ணீர் இருக்கிற கிரகம். அதுவும் அவருக்குக் கிடைத்தது. முந்தின வருடக் கடைசியில் வேறொரு சிவப்பு நட்சத்திரத்தில் வரிசையாக ஐந்து பள்ளங்கள் விழுந்தன. ஐந்தும் சரியாக ஏழு நாள் இடைவெளி. அதோடு கருவியில் நீராவியின் தடயம் வேறு தென்பட்டது. இயக்குநர் நாற்காலியில் உட்காரவில்லை, மிதந்தார். “ஏழே நாளில் ஒரு வருடம்! நீராவி! எழுதுங்க சார்” என்றார். நானும் எழுதினேன். ‘அங்கே பிறந்தவர்களுக்கு வாரம் ஒரு பிறந்தநாள்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். எல்லாப் பத்திரிகையும் அந்த வரியைத்தான் தலைப்பாகப் போட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சுடுகிறது.

சரியாக ஏழு நாள். இருபத்தேழு முனைவர்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? எங்கோ கிடக்கிற ஒரு கிரகம் நம் ஆபீஸ் காலண்டரைப் பார்த்தா சுற்றும்? ஒருவரும் மூச்சு விடவில்லை. வெளியூரிலிருந்து நிதி தருகிறவர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன்னால் இந்தக் கிரகத்தைக் காட்டுவதற்காக வரப்போகிற ஒரு மாதம் முழுக்கத் தொலைநோக்கியை இயக்குநர் தன் நட்சத்திரத்துக்கே எழுதி வைத்துக்கொண்டார். அந்த மாதத்துக்குள்தான் அக்காவின் வியாழக்கிழமையும் இருந்தது.

அக்கா போய்க் கேட்டார். ஒரே ஒரு இரவு, ஆறு மணி நேரம். இயக்குநர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “உயிர் இருக்கிற இடத்தை விட்டுட்டு உங்க ஐஸ் கட்டியைப் பார்க்கச் சொல்றீங்களா?” என்றார். அறையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் நான். சிரிக்காவிட்டால் என் வேலை போய்விடுமா என்ன? போகாது. இருந்தாலும் சிரித்தேன்.

அக்கா கீழே வந்து இயக்குநரின் ஐந்து பள்ளங்களையும் திரையில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். வயிற்றெரிச்சலில் பார்த்தார் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். இருக்கட்டுமே. வயிற்றெரிச்சலோ எதுவோ, பார்த்தவர் அவர் ஒருவர்தானே. ஐந்தும் திங்கட்கிழமை இரவில் விழுந்திருந்தன. திங்கட்கிழமை எங்கள் கட்டிடத்தில் என்ன நடக்கிறது? மாலை நாலு மணிக்குத் தொலைநோக்கிக் கூடத்தின் தரையைக் கழுவுகிறார்கள்.

கழுவுகிறவள் நாற்பது வயதுக்காரி. ஒரு வாளி, ஒரு மாப்பு, பினாயில் பாட்டில். பத்து வருடமாக மூன்று மாடியையும் தனியாளாகத் துடைக்கிறாள். அவளுக்கு ‘வணக்கம்’ சொன்ன ஒரே ஆள் அக்கா. மதியம் மாடிப்படி அறையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். அக்கா அவளிடம், “இந்த வாரம் மட்டும் திங்கள் வேணாம், புதன்கிழமை கழுவறியாம்மா?” என்றார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. பெரிய இடத்தில் ஏன் என்று கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. புதன்கிழமை கழுவினாள். அந்த வாரம் கிரகமும் சமர்த்தாகப் புதன்கிழமைக்கு மாறிக்கொண்டது.

விஷயம் இதுதான். கழுவிக் கதவைச் சாத்திவிட்டுப் போனால் ஈரம் கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சிவப்பு வெளிச்சத்தை ஈரம் கூடுதலாகத் தின்னும். பக்கத்து நட்சத்திரங்களெல்லாம் ஒழுங்காக இருக்க, சிவப்பு நட்சத்திரம் மட்டும் மங்கின மாதிரி தெரியும். அந்த அற்புதக் கிரகத்தில் இருந்த நீராவி எங்கள் வாளியில் இருந்து போனது. இன்னும் கொஞ்சம் நல்ல கருவியாக இருந்திருந்தால் அங்கே பினாயிலும் இருப்பதாகக் கண்டுபிடித்திருப்பார்கள். ‘கிருமியற்ற கிரகம்’ என்று அதற்கும் நான் ஒரு தலைப்பு கொடுத்திருப்பேன்.

கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னபோது யார் முகத்திலும் ஈ ஆடவில்லை. இயக்குநர்தான் முதலில் வாயைத் திறந்தார். “ஈரம் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதுக்காகக் கிரகமே இல்லைன்னு ஆயிடுமா? அடியில நிஜப் பள்ளமும் இருக்கலாமே.”

“இருக்கலாம் சார்” என்றார் அக்கா. “ஆனா எது எதுன்னு பிரிக்க முடியாதே. பிரிக்க முடியலன்னா இல்லைதான்.”

அன்றைக்கே அக்கா சோதனை விதிகளில் ஒரு வரி சேர்த்தார்: தரை கழுவிய இரவில் விழுந்த எந்தப் பள்ளமும், எந்த நட்சத்திரமானாலும், கணக்கில் சேராது. கீழே கையெழுத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் இயக்குநரும் போட்டார். கிரகம் மண்ணைக் கவ்வியது. நிதி தருகிறவர்கள் வரவில்லை. இயக்குநர் எழுதி வைத்திருந்த இரவுகளெல்லாம் கேட்பாரற்றுக் கிடந்தன. அக்கா ஒரு வரி விண்ணப்பம் கொடுத்து வியாழக்கிழமையை வாங்கிக்கொண்டார்.

இயக்குநருக்கு ஆத்திரத்தைக் கொட்ட ஒரு இடம் வேண்டியிருந்தது. அக்கா மேல் கொட்ட முடியாது, கையெழுத்து இருக்கிறது. கழுவுகிறவளைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும், “நீ கழுவின லட்சணத்துல எங்க கிரகமே போச்சு, தெரியுமா?” என்று கத்தினார். அவள் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு இயக்குநர் என்னைப் பார்த்து, “இனிமே திங்கட்கிழமை கூடத்தைக் கழுவக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் போடுங்க” என்றார். நான் போட்டேன். ‘இனி திங்கட்கிழமைகளில் தொலைநோக்கிக் கூடத்தைக் கழுவக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ அரை நிமிட வேலை. ஏன் கழுவக் கூடாது என்று அவளிடம் இயக்குநர் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. நட்சத்திரத்தைப் பற்றி இவளிடம் என்ன பேசுவது என்று அக்காவே நினைத்துவிட்டாரோ என்னவோ. அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் கூடத்துக்குள் தண்ணீர் எடுத்துப் போகவே இல்லை. பயந்துபோய் விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு வந்தாள். நாங்களும் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். அக்கா முகத்தில் அப்படி ஒரு களை. “இன்னைக்கு ராத்திரி என் கிரகம் வருது” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கழுவுகிறவள் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல், “நிஜமாவாக்கா?” என்று கேட்டாள். எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது. எனக்கு லேசில் வராத சாமான் அது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாடிப்படி அறைக்குப் போனேன். திரையில் கோடு. நேராக வந்து, பதினோரு மணி தாண்டி ஒன்பது நிமிடத்தில் இறங்கி, ஆறு மணி நேரம் அடியிலேயே ஓடி, ஐந்து மணிக்கு மேல் ஏறியது. எட்டு வருடத்துப் பள்ளம், அதே ஆழம். அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வந்துடுச்சுக்கா” என்றேன்.

இப்போதெல்லாம் கோட்டுக்குப் பக்கத்திலேயே கூடத்தின் ஈரப்பதம் வரும். அக்கா கேட்டு வாங்கிச் சேர்த்த பத்தி அது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

இருவரும் கூடத்துக்கு ஓடினோம். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. தொலைநோக்கி நிற்கிற தூணையும் துடைத்திருந்தாள். ஏணிப்படி ஒவ்வொன்றையும் துடைத்திருந்தாள். மூலையில் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மாப்புத் துணியைப் பிழிந்து காயப் போட்டிருந்தாள். அக்கா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். ஓரத்தில் இன்னும் காயவில்லை.

திரும்பி வந்ததும் நான் பேச ஆரம்பித்தேன். வாய் கிழியப் பேசுவதுதானே என் தொழில். “ஈரத்தால விழுந்த பள்ளம் இவ்வளவு சுத்தமா இருக்காதுக்கா. நீங்க சொன்ன நேரத்துக்கு ஒன்பது நிமிஷம்தான் வித்தியாசம். இது நிஜம்தான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பத்தியை யார் பார்க்கப் போறாங்க?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “டைரக்டரும் இதைத்தாம்பா சொன்னார், அடியில நிஜப் பள்ளம் இருக்கலாம்னு.”

“அவரும் நீங்களும் ஒண்ணாக்கா?”

“பள்ளத்துக்கு அதெல்லாம் தெரியாது” என்றார். ‘இல்லை’யை அழுத்தினார். கோடு திரையிலிருந்து போய் அடுத்தது வந்தது. அது ஏதோ மேகம். அதற்கும் ‘இல்லை’யை அழுத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையை எட்டி உதைத்திருப்பேன். அக்கா மேல் ஆத்திரம், அந்த முட்டாள் வாளி மேல் ஆத்திரம். ‘திங்கட்கிழமைகளில்’ என்று எழுதின கை யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. ‘எந்த நாளிலும்’ என்று எழுத எனக்கு என்ன கேடு?

கதவில் நிழலாடியது. கழுவுகிறவள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“வந்துச்சாக்கா?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள். “போன தடவை நான் சரியா கழுவாமதானே அந்தக் கிரகம் போயிடுச்சு, அப்படித் திட்டினாரு பெரியவரு. உங்களோடதுக்கு அப்படி ஆயிடக் கூடாதுன்னு நேத்து ரெண்டு தரம் கழுவினேன். திங்கட்கிழமைன்னாதான் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. நேத்து வியாழன்தானே, அதான். சாயங்காலம் ஏழு மணி ஆயிடுச்சுக்கா. வீட்டுல தேடிட்டாங்க.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

“வந்துச்சும்மா” என்றார்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஜெனரேட்டர்தான் இருந்தது. அதையே பார்த்தேன்.

“அடுத்து எப்பக்கா வரும்?”

“நாலு வருஷம் அஞ்சு மாசம் ஆகும். நான் இருக்க மாட்டேன் இங்கே.”

“நான் இருப்பேன்ல” என்றாள் அவள். “தேதியை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. இதைவிட நல்லா கழுவி வெச்சுடறேன்.”

அக்கா ஒரு தாளை எடுத்துத் தேதியை எழுதினார். அவளிடம் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்தார். “நீ சொல்லிடுப்பா அவகிட்ட” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவள் தினமும் காலையில் என் அறையைப் பெருக்க வருகிறாள். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்கிறாள். மேஜைக்கடியில் துடைக்க வேண்டும் என்று காலைத் தூக்கிக்கொள்ளச் சொல்கிறாள். நானும் தூக்கிக்கொள்கிறேன். எத்தனையோ பொய்யை ஒரே மூச்சில் எழுதியவன், அவளிடம் அந்த ஒரு உண்மையை இன்னும் சொல்லவில்லை.